தாத்தாவின் பெர்பரினும் மார்ஃபினும் உறவா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும், கொழுப்புக்கு அடார்வாஸ்டாட்டினும் சாப்பிடுகிறார். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ‘மரமஞ்சளில் இருந்து எடுத்தது, சர்க்கரையைக் குறைக்கும்’ என்று பெர்பரின் மாத்திரையையும் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறார். என் மகள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். “தாத்தா, நீங்கள் சாப்பிடுவது ஐசோகுயினோலின் ஆல்கலாய்டு. மார்ஃபினும் அதே குடும்பம்தான். கடுகெண்ணெய்க் கலப்படத்தில் ஆட்களைக் கொன்ற பிரமதண்டு விதையின் நஞ்சும் அதே குடும்பம்தான்” என்று சொல்லிவிட்டாள். அப்பா அரண்டுபோயிருக்கிறார். இந்த மாத்திரை அவரை அடிமையாக்கிவிடுமா? வலி மருந்தும், நஞ்சும், சர்க்கரைக்குச் சாப்பிடுவதும் ஒரே குடும்பத்தில் எப்படிப் பிறக்கும்?

– வாசகி, மூலனூர்

பதில்: முதலில் அப்பாவின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பெர்பரின் போதை தராது, அடிமையாக்காது. உங்கள் மகள் சொன்னதும் உண்மையே, மூன்றும் ஒரே குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பப் பெயர் ஒரு சேர்மம் எங்கே பிறந்தது என்பதை மட்டுமே சொல்லும். உடலுக்குள் அது என்ன செய்யும் என்பதை அதன் வடிவமும், மின்னூட்டமும், சாப்பிடும் அளவும் தீர்மானிக்கின்றன. உங்கள் அப்பா விஷயத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது மார்ஃபின் உறவு அல்ல, அவர் சாப்பிடும் அடார்வாஸ்டாட்டின். வேதியியலைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

இரண்டு வளையங்கள்

ஆறு அணுக்கள் கொண்ட இரண்டு வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையம் முழுக்கக் கார்பன், அது பென்சீன். மற்றதில் ஒரு கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன், அது பிரிடின். வளையங்கள் சேரும் மூலைக்கு அடுத்த இடத்திலேயே நைட்ரஜன் இருந்தால் அது குயினோலின். ஓர் இடம் தள்ளியிருந்தால் ஐசோகுயினோலின். இரண்டிலும் ஒன்பது கார்பன், ஏழு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன்தான்.

குயினோலினை 1834இல் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே நிலக்கரித் தாரில் இருந்து பிரித்தார். ஐசோகுயினோலின் அதே தாருக்குள்தான் இருந்தது. ஆனால் அது 1885இல்தான் வெளிப்பட்டது. ஹாலந்தைச் சேர்ந்த ஹூகவெர்ஃப், வான் டோர்ப் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டின் கொதிநிலைக்கும் இடையே சுமார் 5 டிகிரி செல்சியஸ்தான் வேறுபாடு என்பதால், காய்ச்சி வடித்துப் பிரிப்பது எளிதல்ல. அவர்கள் சல்ஃபேட் உப்பாக மாற்றிப் படிகமாக்கிப் பிரித்தார்கள்.

ஓர் இடம் தள்ளிய அந்த நைட்ரஜன் இரண்டு தனி உலகங்களைத் திறந்துவிட்டது. குயினோலின் பக்கத்தில் நிற்பது மலேரியாவுக்கான குயினின். அதற்காகத்தான் 1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவில் ஆங்கிலேய அரசு சின்கோனா மரங்களை வளர்த்தது. சின்கோனா மரம் குயினினை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தில் இருந்து தொடங்கிக் கட்டுகிறது. ஐசோகுயினோலின் ஆல்கலாய்டுகளின் மூலப்பொருளோ டைரோசின். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதத்தில் இருக்கும் அதே டைரோசின்தான்.

செடியின் பட்டறை

செடி இரண்டு டைரோசின் மூலக்கூறுகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்றை டோபமினாக மாற்றுகிறது. நம் மூளையில் ஓடும் அதே டோபமின். இன்னொன்றை ஓர் ஆல்டிஹைடாக மாற்றுகிறது. ஒரு நொதி இரண்டையும் பிணைக்கும்போது ஐசோகுயினோலின் வளையம் உருவாகிறது. அப்படிக் கிடைக்கும் முதல் பொருளின் பெயர் நார்கோக்லாரின். இதே வகை வளைய இணைப்பை ஆய்வுக்கூடக் குடுவையில் செய்துகாட்டியவர்கள் பிக்டெட், ஷ்பெங்லர் என்ற இருவர், ஆண்டு 1911. வேதியியல் மாணவர்கள் இன்றும் அவர்கள் பெயரால்தான் அந்த வினையைப் படிக்கிறார்கள். நார்கோக்லாரினுக்கு ஹைஜெனமின் என்றொரு பெயரும் உண்டு. தாமரை விதைக்குள் இருக்கும் கசப்பான பச்சை முளையில் அது இருக்கிறது. இதயத் துடிப்பைக் கூட்டும் என்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2017இல் அதைப் பெயர் சொல்லித் தடைப் பட்டியலில் சேர்த்தது.

நார்கோக்லாரினில் ஹைட்ராக்சில், மீதைல் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் செடி ரெடிகுலின் என்ற பொருளைச் செய்கிறது. காவிரிக்கு முக்கொம்பு எப்படியோ, இந்தக் குடும்பத்துக்கு ரெடிகுலின் அப்படி. ஒரே நீர் அங்கே பிரிகிறது. எந்த வழியில் போகிறதோ அந்த நிலத்துக்கு ஏற்ற விளைச்சல் கிடைக்கிறது. இந்த வழியில் பிறந்த ஆல்கலாய்டுகள் சுமார் 2,500 வரை அறியப்பட்டுள்ளன. செடிக்கு இவை பூச்சியையும் பூஞ்சையையும் மேய வரும் விலங்கையும் தடுக்கும் காவல். நமக்கு இவை சில நேரம் மருந்து, சில நேரம் நஞ்சு.

ரெடிகுலினின் நைட்ரஜன்மேல் ஒரு மீதைல் தொகுதி இருக்கிறது. அதன் ஒற்றைக் கார்பனை மட்டும் கவனியுங்கள். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்கு விடை வந்துவிடும்.

முதல் கிளை: மார்ஃபின்

அபினிச் செடி ரெடிகுலினை அதன் கண்ணாடிப் பிம்ப வடிவமாகத் திருப்புகிறது. பிறகு வளையங்களை மடக்கி ஒன்றோடொன்று பிணைக்கிறது. தீபைன், கோடீன் என்று படிப்படியாகப் போய் மார்ஃபினில் முடிகிறது. நாம் கவனிக்கும் கார்பன் இதில் இடம் மாறுவதே இல்லை. நைட்ரஜன்மேல் மீதைலாகவே நிற்கிறது. அதனால் அந்த நைட்ரஜனால் ஒரு புரோட்டானை ஏற்கவும் முடியும், விடவும் முடியும். விட்ட நிலையில் மின்னூட்டம் இல்லாமல் மூளைக்குள் நுழைகிறது. ஏற்ற நிலையில் ஓபியாய்டு ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. ஐந்து வளையங்கள் மடங்கிய அதன் முப்பரிமாண வடிவம் அந்த ஏற்பியில் பொருந்துகிறது. வலி நிவாரணமும் அடிமைத்தனமும் இந்தப் பொருத்தத்தில் இருந்தே வருகின்றன.

ஜெர்மனியில் மருந்தகப் பணியாளராக இருந்த செர்ட்டர்னர் மார்ஃபினைப் பிரித்த செய்தி 1805இல் வெளிவந்தது. அதன் சரியான அமைப்பை ராபர்ட் ராபின்சன் முன்வைத்தது 1925இல். அமெரிக்காவில் மார்ஷல் கேட்ஸ் அதை முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே கட்டிமுடித்தது 1952இல். ஒரு பூச்செடி செய்யும் வேலையை மனிதர்கள் செய்ய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் உலகத்தின் மார்ஃபின் தேவையைச் செடிகளே தீர்க்கின்றன. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் மத்திய அரசின் உரிமத்தோடு அபினி பயிராகிறது.

குருமாவுக்கு அரைக்கும் கசகசாவும் அதே செடியின் விதைதான். விதைக்குள் மார்ஃபின் கிட்டத்தட்ட இல்லை. காயில் வடியும் பால் விதையின்மேல் ஒட்டினால்தான் சிறிது சேரும். ஆனாலும் ஐக்கிய அரபு அமீரகமும் சிங்கப்பூரும் கசகசாவைத் தடை செய்திருக்கின்றன. அங்கே போகும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொட்டலம் வைக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் கிளை: பெர்பரின்

மரமஞ்சள் செடியில் வேறு ஒரு நொதி வேலை செய்கிறது. அந்த மீதைல் கார்பனைப் பிடித்து எதிரே உள்ள வளையத்தோடு பாலம்போல் இணைத்துவிடுகிறது. நொதிக்கே ‘பெர்பரின் பால நொதி’ என்றுதான் பெயர். இனி அந்தக் கார்பன் நைட்ரஜன்மேல் தனியாக நிற்கவில்லை. ஒரு புதிய வளையத்தின் அங்கம். மேலும் சில படிகள் கடந்ததும் கிடைப்பது ஏறத்தாழத் தட்டையான ஒரு மூலக்கூறு. அதன் நைட்ரஜனில் நேர் மின்னூட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மார்ஃபின்போல் புரோட்டானை விட்டுவிட்டு மூளைக்குள் எளிதில் நழுவ இதனால் முடியாது. ஓபியாய்டு ஏற்பியில் அமரும் மடிந்த வடிவமும் இதற்கு இல்லை. அப்பாவுக்கு இது அடிமைத்தனம் தராததற்குக் காரணம் இதுதான்.

பளிச்சென்ற மஞ்சள் நிறமும் இந்த அமைப்பில் இருந்தே வருகிறது. சீனர்கள் ஃபெல்லோடென்ட்ரான் மரப்பட்டையில் உள்ள பெர்பரினால் காகிதத்துக்குச் சாயமேற்றினார்கள், பூச்சியும் அண்டாது. கி.பி. 868இல் அச்சான, லண்டனில் உள்ள வைர சூத்திரச் சுருளின் தாளும் இப்படிச் சாயமேறியதே. சமையல் மஞ்சளின் நிறத்துக்கும் இதற்கும் வேதியியல் உறவு கிடையாது. குர்குமினில் நைட்ரஜனே இல்லை.

மூன்றாம் கிளை: சாங்குவினரின்

பிரமதண்டு, அதாவது குடியோட்டிப் பூண்டு, மெக்சிகோவில் இருந்து வந்து நம் தரிசுகளில் பரவிய முட்செடி. ரெடிகுலினில் இருந்து அதுவும் முதலில் பெர்பரினின் பாதையிலேயே நடக்கிறது. அதே பாலத்தைக் கட்டுகிறது. பிறகு ஒரு வளையத்தை உடைத்து வேறு மாதிரி ஒட்டிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் நஞ்சுதான் சாங்குவினரின். பெர்பரினிலும் சாங்குவினரினிலும் இருபது கார்பன், ஒரு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். எண்ணிக்கையில் வேறுபாடு நான்கே ஹைட்ரஜன். அப்படியிருந்தும் ஒன்றை மனிதர்கள் கஷாயமாகக் குடித்து வந்திருக்கிறார்கள். மற்றது உயிரை எடுக்கிறது.

காரணம் மீண்டும் அந்தக் கார்பனும் மின்னூட்டமும்தான். சாங்குவினரினில் நம் பாலக் கார்பன் வினைத்திறன் மிக்கதாக நிற்கிறது. புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மேலும், நம் ரத்தத்தின் இயல்பான காரத்தன்மையிலேயே அதன் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து மின்னூட்டத்தை இழந்துவிடுகிறது. மின்னூட்டம் இழந்த பகுதி செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமன்செய்யும் பம்பு நொதியை முடக்குகிறது. நுண்குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, கால் வீங்குகிறது, இதயம் தளர்கிறது, கண்ணில் அழுத்தம் ஏறுகிறது. 1998இல் டெல்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60க்கும் மேற்பட்டவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். கடுகு வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்: கடுகின் தோல் வழவழப்பாகவும், நசுக்கினால் உள்ளே மஞ்சளாகவும் இருக்கும். பிரமதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும், உள்ளே வெள்ளை.

உங்கள் ஊரிலும் உண்டு

மூலனூர்க்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் பக்கத்துக் காடுகளில் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கும் இந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். நம் மாநில மலரான செங்காந்தளும் அதே செடிதான். அது கொல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டைச் செய்யும்போது முதலில் ஓர் ஐசோகுயினோலின் வளையத்தைத்தான் கட்டுகிறது. அதன்பின் அந்த வளையத்தைப் பிரித்துவிடுகிறது. முடிந்த கொல்ச்சிசினில் ஐசோகுயினோலின் தெரியவே தெரியாது. பிறப்பைத் தேடிப்போனால்தான் உறவு தெரியும். கவுட் எனும் மூட்டு வீக்கத்துக்கு அது மருந்து, அதுவும் மில்லிகிராமில். கிழங்கைத் தெரியாமல் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

தென் அமெரிக்கக் காடுகளின் அம்பு நஞ்சான குராரே இன்னொரு சொந்தம். 1935இல் ஹரால்ட் கிங், அருங்காட்சியகத்தில் இருந்த குராரே மாதிரியில் இருந்து அதன் டியூபோகுராரினைப் பிரித்தார்; மரமஞ்சளும் சீந்திலும் சேர்ந்த தாவரக் குடும்பத்திலேயே இருக்கும் ஒரு கொடிதான் அதன் மூலம். அம்பு தைத்த விலங்கின் தசைகள் செயலிழந்துவிடும்; ஆனால் அந்த இறைச்சியைத் தின்றவருக்கு ஒன்றும் ஆகாது. நிரந்தர மின்னூட்டம் உள்ள மூலக்கூறு குடலைக் கடப்பது கடினம் என்பதே காரணம். 1942இல் மான்ட்ரியலில் அறுவைச் சிகிச்சைக்கு அது பயன்பட்டது. இன்றைய அறுவை அரங்குகளில் உள்ள அட்ராகுரியம் அதன் வழியில் வேதியியலாளர்கள் வடிவமைத்தது. உடலின் வெப்பத்திலும் காரத்தன்மையிலும் தானாகவே உடைந்துபோகும்படி கட்டப்பட்டிருப்பதால், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும் கொடுக்க முடிகிறது. வயிற்று இழுப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் டிரோட்டவெரினும், அபினியில் உள்ள போதை தராத பாப்பவெரினை முன்மாதிரியாகக் கொண்டு செய்த ஐசோகுயினோலின்தான்.

அப்பாவின் மாத்திரை

பெர்பரின் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2008இல் சீனாவில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 36 பேரைப் பிரித்து, 3 மாதங்கள் சிலருக்கு மெட்ஃபார்மினும் சிலருக்குப் பெர்பரினும் கொடுத்தார்கள். பெர்பரின் சாப்பிட்டவர்களின் மூன்று மாதச் சராசரி அளவு சுமார் 9.5 விழுக்காட்டில் இருந்து 7.5க்கு இறங்கியது. நம்பிக்கை தரும் முடிவுதான்; ஆனால் 36 பேரும் 3 மாதமும் மிகக் குறைவு. பத்தாண்டு சாப்பிட்டால் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் காக்கப்படுமா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. மெட்ஃபார்மினுக்கு அந்த நீண்ட காலச் சான்று இருக்கிறது.

மின்னூட்டம் காரணமாக, விழுங்கும் பெர்பரினில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேர்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை மின்னூட்டமற்ற வடிவமாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன. மீதி குடலிலேயே தங்குகிறது. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி என்ற தொல்லைகள் வருவது இதனால்தான்.

இனி அடார்வாஸ்டாட்டின். நம் கல்லீரலிலும் குடல் சுவரிலும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் இருக்கின்றன. நாளுக்கு 900 மில்லிகிராம் பெர்பரினை 14 நாட்கள் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இந்த நொதிகளில் மூன்று மந்தமாயின. அவற்றில் ஒன்றுதான் அடார்வாஸ்டாட்டினை உடைக்கும் நொதி. அது மந்தமானால் ரத்தத்தில் அடார்வாஸ்டாட்டின் கூடலாம், தசைகள் பாதிக்கப்படலாம். அப்பாவுக்குக் காரணமில்லாத தசை வலி, அசதி, அடர்ந்த நிறச் சிறுநீர் இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். மூட்டு வீக்கத்துக்குக் கொல்ச்சிசின், மாற்றுச் சிறுநீரகத்துக்குச் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பெர்பரினைச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பெர்பரினைத் தொடக் கூடாது. பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று மரமஞ்சள் கஷாயம் புகட்டவே கூடாது. ரத்தத்தில் அல்புமினோடு ஒட்டியிருக்கும் பிலிருபினைப் பெர்பரின் விடுவித்துவிடும். அது மூளைக்குள் போய்ச் சேதம் செய்யும். இந்த அச்சத்தால்தான் சிங்கப்பூர் 1978இல் பெர்பரினுக்குத் தடை விதித்து, பல ஆண்டுகள் கழித்தே தளர்த்தியது.

புட்டியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தெற்கே நாட்டு மருந்துக்கடைகளில் மரமஞ்சள் என்று விற்பது பெரும்பாலும் காசினியம் என்ற கொடியின் தண்டு. வடக்கே பெர்பெரிஸ் என்ற முட்புதரின் வேரும் தண்டும். இரண்டிலும் பெர்பரின் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு தாவரக் குடும்பம். எந்தச் செடி, எந்தப் பாகம், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் பெர்பரின் என்று மூன்றும் அச்சிடாத புட்டியை நம்ப வேண்டாம். காசினியம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூக்கவே பல ஆண்டுகள் ஆகும். காய்க்கும் முன்பே வெட்டிவிடுகிறார்கள். தேவையில்லாமல் வாங்கும் ஒவ்வொரு பொட்டலமும் அந்தக் காட்டில் இருந்துதான் குறைகிறது.

செய்ய வேண்டியது இதுதான். மெட்ஃபார்மினையும் அடார்வாஸ்டாட்டினையும் அப்பா நிறுத்தவே கூடாது. பெர்பரினை இப்போதைக்கு நிறுத்திவைத்துவிட்டு, எல்லா மாத்திரைகளையும் அந்தப் புட்டியோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் பார்த்து அவர் முடிவு சொல்லட்டும். ‘மூலிகைதானே’ என்று மருத்துவரிடம் மறைப்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

உங்கள் மகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். ரெடிகுலினை வரைந்து, நைட்ரஜன்மேல் உள்ள மீதைல் கார்பனைச் சிவப்பு மையால் குறிக்கட்டும். மார்ஃபினிலும் பெர்பரினிலும் சாங்குவினரினிலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரையட்டும். அந்தத் தாளைத் தாத்தாவிடம் காட்டி விளக்கினால், ‘ஒரே குடும்பம்’ என்ற சொல்லால் ஏன் பயப்பட வேண்டாம் என்பதும், ‘மூலிகை’ என்ற சொல்லை ஏன் அப்படியே நம்பக் கூடாது என்பதும் அவருக்கு ஒருசேரப் புரியும்.